டிசம்பர் பயணம்: முதலில் பாரதெக்க, பிறகு ஹந்தானை

வணக்கம் உறவுகளே,

லீவுக்கு வருகிறவர்களோடு போகும் பயணத்தைப் பற்றி லண்டனிலிருந்தும் டொரொன்டோவிலிருந்தும் வந்த மடல்கள் எல்லாம் கண்டிக்குப் பக்கத்து ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தையே கேட்கின்றன. போகலாம், தப்பில்லை. 1925-இல் கட்டிய பழைய இஸ்டோர், அதாவது தேயிலை ஃபெக்டரி, நாலு மாடி. பழைய மெஷின்களைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலைத் தோட்டம் போட்ட கதையும் உண்டு. மேல் மாடியில் தேத்தண்ணி குடிக்கலாம். ஆனால் அங்கே தோட்டத்துத் துரை இருக்கிறார், மெஷின் இருக்கிறது. கொழுந்து எடுத்தவளைத்தான் தேட வேண்டும்.

அவள் இருப்பது கம்பளைக்குப் பக்கத்தில், பாரதெக்கவில். தொழிலாளர் குடியிருந்த வரிசை வீடான ஒரு லயத்தையே தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறது கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம். 1823 வாக்கில் ஜோர்ஜ் பேர்ட் கோப்பித் தோட்டம் போட்ட சிங்ஹபிட்டியவும் கம்பளையில்தான். 2023-இல் 'மலையகம் 200' என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்களே, நம் சனம் மலைநாட்டுத் தோட்டங்களுக்கு வந்த அந்த இருநூறு வருஷம் அங்கிருந்துதான் எண்ணப்படுகிறது.

லயக் காம்பரா, அதாவது ஒரு குடும்பத்தின் அறை, 10-க்கு 12 அடி. அதற்குள் நாற்பது பேரும் ஒன்றாக முண்டியடித்தால் ஒன்றும் தெரியாது. ஆறு ஆறு பேராகப் போவோம். நீலகிரியின் கோத்தகிரி, கூடலூரிலிருந்து வரும் பெரியம்மாவையும் மாமாமாரையும் முதல் செட்டில் விடுங்கள். நம்மவர்களை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு கப்பலேறி, அங்கேயும் தமிழ்நாடு அரசின் டான்டீ தோட்டங்களில் கொழுந்தெடுத்தவர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் எந்த நேரம் கொம்பு ஊதினார்கள், அரைநாள் சம்பளமான அரைப்பேர் எப்படிப் போட்டார்கள், செடியை வெட்டிவிடும் கவ்வாத்துக் கத்தியை எந்தச் சாய்வில் இழுக்க வேண்டும், எல்லாம் அவர்கள் வாயால் வரட்டும். பிள்ளைகள் போனில் பதிவு செய்தால் போதும். நடுவில் புகுந்து விளக்கம் சொல்லும் நம் ஆட்கள் (யாரென்று அவர்களுக்கே தெரியும்) அன்றைக்கு மட்டும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து விடிய ஐந்து மணிக்குப் புறப்பாடு. கடுகண்ணாவை ஏறி, பேராதனையில் கம்பளை ரோட்டுக்குத் திரும்பிவிட்டால் கண்டி நெரிசலுக்குள் போகத் தேவையில்லை. பெரிய பஸ் வேண்டாம், வேன்களே தோட்ட ரோட்டுக்குத் தோது. பின்னேரம் ஹந்தானை. அது நேரத்தோடேயே மூடிவிடும் என்று சிலர் கவலைப்படுகிறார்கள். பாரதெக்கவில் பேச்சு நீண்டு ஹந்தானை தவறினால் தவறட்டும் என்பது என் கருத்து. குழுவில் இரண்டு பேருக்கு இதில் உடன்பாடில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று. வீட்டு ட்ரங்குப் பெட்டிகளைக் கொஞ்சம் கிளறிப் பாருங்கள். பற்றுச்சீட்டு, பேர்ச்சீட்டு என்று தோட்டத்தில் கொடுத்த காகிதம், சம்பளப் பேரேடான செக்ரோலின் பழைய துண்டு எதுவானாலும் சரி. 1901-இல் தொடங்கிய தகரச்சீட்டு, அதுதான் தோட்டத்தின் எழுத்தும் நம்பரும் அடித்த தகடு, யாரிடமாவது கிடந்தால் அதிர்ஷ்டம்தான். அசலைக் கொண்டுவர வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்து, யாருடையது, தோட்டத்தின் எந்த டிவிஷன் என்று எழுதி அனுப்புங்கள். நாங்கள் கொழும்பில் பெரிதாக அச்சடித்து எடுத்து வருகிறோம்.

வருகிறவர்கள் எத்தனை பேர், அதில் படி ஏற முடியாதவர்கள் எத்தனை பேர் என்பதை நவம்பர் கடைசிக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகுதான் வேன்காரரோடு விலை பேச முடியும்.

கொழும்பு ஏற்பாட்டுக் குழுவுக்காக