எக்ஸ்-சென்ட்ஃபைல்: ‘கோப்பு அனுப்பி’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

எக்ஸ்-சென்ட்ஃபைல் என்பது, ‘இந்தக் கோப்பைப் பயனருக்கு நீயே அனுப்பிவிடு’ என்று இணைய வழங்கிக்கு (வெப் சர்வர்) ஒரு நிரல் தன் மறுமொழியின் ஹெடரில், அதாவது தலைப்புப் பகுதியில், எழுதிக் கொடுக்கும் வரி. அதற்குத் தமிழ்ச்சொல்லாக நம் குழுவில் முன்வைக்கப்பட்ட ‘கோப்பு அனுப்பி’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அந்த ஹெடர் வரியை எழுதும் நிரல் கோப்பை அனுப்புவதே இல்லை. அந்தச் சுமையைத் தன் தலையிலிருந்து இறக்கி வைக்கத்தான் அதை எழுதுகிறது. பிஎச்பி நிரல்மொழியில் ரீட்ஃபைல் என்ற கட்டளை கொண்டு நாமே கோப்பைப் படித்துத் தரும்போது, பயனரின் இணைப்பு மெதுவாக இருந்தால் ஒரு பிஎச்பி செயல்முறை (பிராசஸ்) அவருக்காகவே நெடுநேரம் காத்துக் கிடக்க நேரிடும்; பாதியில் அறுந்த பதிவிறக்கத்தை விட்ட இடத்திலிருந்து தொடர்வதற்கான 206 மறுமொழியையும் நாமே எழுதியாக வேண்டும். அவ்வாறின்றி, பயனருக்கு உரிமை உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு, கோப்பின் இடத்தை ஒரு வரியில் குறித்துக் கொடுத்தால் மற்றதை வழங்கி கவனித்துக்கொள்ளும். மேலும், லினக்ஸில் சென்ட்ஃபைல் என்றே ஒரு கருவக (கெர்னல்) அழைப்பு தனியே இருக்கிறது. தரவைப் பயன்பாட்டின் நினைவகத்துக்குக் கொண்டுவராமல் கருவகத்துக்குள்ளேயே நகர்த்தும் அதற்குத்தான் ‘கோப்பு அனுப்பல்’ தகும்.

‘கைமாற்று’ என்றும் ஒருவர் எழுதியிருந்தார். எங்கள் செங்கோட்டையில் கைமாற்று என்றால் மாதக் கடைசியில் வாங்கி முதல் தேதியில் திருப்பித் தரும் கடன். கேரள எல்லையில் ஆரியங்காவுக்கு அப்பால், மலையாளத்தில் ‘கைமாறுக’ என்பது ஒப்படைப்பதையே குறிக்கும் என்பதால், உடன் பணிபுரியும் புனலூர்க்காரருக்கு அச்சொல் மிகவும் பிடித்துவிட்டது.

நான் முதலில் எண்ணியது ‘நடைச்சீட்டு’, அதாவது சரக்கை எடுத்துச் செல்வதற்கான அனுமதிச் சீட்டு. புளியரைச் சோதனைச்சாவடியில் சீட்டைப் பார்த்து லாரியை விடுபவர் ஜல்லியைச் சுமப்பதில்லை அல்லவா? ஆனால் நடைச்சீட்டு சரக்கோடு கடைசிவரை செல்லும். இந்த வரியோ வழங்கியோடு நின்றுவிடும், உலாவிக்குப் போகாது. உள்ளே கோப்பு இருக்கும் பாதையை அது சொல்வதால் போகவும் கூடாது. ஆகவே அதை நானே கைவிட்டேன்.

முறைக்குக் ‘கோப்பு ஒப்படைப்பு’ என்றும், ஹெடருக்கு ‘ஒப்படைப்பு வரி’ என்றும் முன்மொழிகிறேன். என்ஜின்எக்ஸ் என்ற வழங்கி மென்பொருள் இதனை எக்ஸ்-ஆக்சல்-ரீடைரக்ட் என்று அழைத்தாலும் இதே சொல் செல்லும். அங்கே ‘ரீடைரக்ட்’ என்பதைக் கண்டு ‘திசைமாற்றம்’ என்று பெயர்த்துவிட வேண்டாம், ஏனெனில் உலாவி வேறு எந்த முகவரிக்கும் போவதில்லை. அந்த அமைப்பில் ‘இன்டர்னல்’ என்று குறிக்கப்பட்ட பாதையை வெளியிலிருந்து நேரே கேட்பவருக்கு ‘காணவில்லை’ என்னும் 404தான் கிடைக்கும். அதற்கு ‘உள்வழி’ போதும்.

கிட் என்ற கருவியில் நிரல் மாற்றங்களைப் பதிவதான ‘கமிட்’டுக்கு யாரேனும் ஏற்கெனவே ‘ஒப்படைப்பு’ என்று ஆண்டிருந்தால் இரண்டும் முட்டிக்கொள்ளும். அப்படியிருப்பின் தெரிவிக்க வேண்டுகிறேன்.