மவுண்ட் ஆகாத கோப்புறைக்குள் மறைந்த நான்கு நாடாக்கள்

எங்கள் வீட்டில் டெபியன் லினக்ஸ் நிறுவிய சிறு கணினியில், சேமித்த படங்களை வீட்டுத் திரைகளுக்கு அனுப்பும் ஜெல்லிஃபின் என்ற மென்பொருள் ஓடுகிறது. படங்களும் குடும்பக் காணொளிகளும் நாஸ் பெட்டியில் (வீட்டு வலையமைப்பில் இணைந்த சேமிப்பகம்) இருக்கின்றன. கணினியையும் நாஸையும் என்எஃப்எஸ் வழியாக இணைத்திருக்கிறேன்; இன்னொரு பெட்டியில் உள்ள கோப்புகளை நம் கணினியின் ஒரு கோப்புறையில் காட்டும் முறை அது. அப்படிக் கோப்புறையில் பொருத்துவதைத்தான் மவுண்ட் என்கிறோம். சென்ற கோடையில், அப்பா எடுத்து வைத்திருந்த மினிடிவி காணொளி நாடாக்களைக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். ஒரு மணி நேர நாடா ஏறத்தாழ 13 ஜிபி பிடிக்கும் என்பதால், பதிவுகள் நேராக நாஸுக்கே போகும்படி அமைத்திருந்தேன். ஐந்தாவது நாடா ஓடிக்கொண்டிருந்தபோது, கணினியின் 120 ஜிபி எஸ்எஸ்டி நிரம்பிவிட்டதாகச் செய்தி வந்தது.

முந்தைய நாள் மின்சாரம் போய் வந்ததே காரணம். கணினி சில நொடிகளில் எழுந்துவிட்டது. நாஸ் எழ வெகுநேரம் ஆனது. எதை எங்கே மவுண்ட் செய்வது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ‘நோஃபெயில்’ (மவுண்ட் ஆகாவிட்டாலும் நிற்காதே) என்று எழுதியிருந்ததால், மவுண்ட் ஆகாமலேயே கணினி வேலையைத் தொடங்கியிருந்தது. மவுண்ட் ஆகாத நிலையில் அந்த இடம் வெறும் கோப்புறைதான். எழுதச் சொன்னதை லினக்ஸ் அங்கேயே எழுதிவிட்டது. இது புரியாமல் அவசரத்தில் மவுண்ட் கட்டளையைக் கொடுத்தேன். நாஸ் அந்தக் கோப்புறையின் மேல் வந்து அமர்ந்ததும், ஏற்கெனவே ஏற்றிய நான்கு நாடாக்களின் பதிவும் கண்ணில் படாமல் போயிற்று. வட்டில் மீதமுள்ள இடத்தைக் காட்டும் டிஎஃப் கட்டளை வட்டு நிரம்பியிருப்பதாகச் சொல்ல, அத்தனை இடத்தைப் பிடித்திருக்கும் கோப்பு எதையும், கோப்புகளின் அளவைக் கூட்டிச் சொல்லும் டியூ கட்டளை காட்டவில்லை. அப்பாவின் குரல் இருக்கும் நாடாக்கள் என்பதால் அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

ரூட்டை, அதாவது கணினியின் மூலக் கோப்புறையை, வேறொரு கோப்புறையிலும் தெரியும்படி பைண்ட் மவுண்ட் செய்து பார்த்தபோது, நாஸுக்கு அடியில் எல்லாக் கோப்புகளும் பத்திரமாக இருந்தன. அவற்றை மீட்ட பின், மவுண்டை நீக்கிவிட்டு, வெறுமையான அந்தக் கோப்புறைக்கு, எதையும் மாற்ற முடியாதபடி பூட்டும் ‘சிஎச்ஆட்டர் பிளஸ் ஐ’ கட்டளையைக் கொடுத்தேன். இனி நாஸ் இல்லாத நேரத்தில் எல்லா உரிமையும் உள்ள ரூட் பயனரால்கூட அங்கே எழுத முடியாது. பிழைச்செய்தி உடனே வந்துவிடும். எஃப்எஸ்டேப்பில், லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆட்டோமவுண்ட் விருப்பத்தையும் சேர்த்தேன். நாஸ் தாமதமாக எழுந்தாலும், கோப்புறையை யாராவது தொடும்போது மவுண்ட் ஆகிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்த இரண்டில் முதலாவதைத்தான் யாரும் விடக்கூடாது.

மறுமொழி 1

நண்பரே, பதிவுகள் திரும்பக் கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. எனக்கு நேர்ந்தது வேறு வகை. மவுண்ட் சரியாக ஆகியும், என் கணக்கில் தெரிந்த படங்கள் ஜெல்லிஃபினில் தெரியவில்லை. என்எஃப்எஸ் வழக்கமான அமைப்பில் பயனரின் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணைத்தான் பார்க்கிறது என்பதும், ஜெல்லிஃபின் தனக்கென ஒரு பயனர் கணக்கில் ஓடுகிறது என்பதும் அப்போதுதான் உறைத்தது. இரு பக்கமும் ஒரே எண்ணுள்ள குழு ஒன்றை உருவாக்கி, ஜெல்லிஃபினை அதில் சேர்த்து, படக் கோப்புறைகளுக்கு அந்தக் குழுவின் வாசிப்பு உரிமையைக் கொடுத்ததும் சரியாயிற்று. எல்லோருக்கும் 777 (எல்லா உரிமையும்) கொடுத்துவிடுவது எளிதுதான். குடும்பக் காணொளிகள் இருக்கும் இடத்தில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மறுமொழி 2

இன்னொன்றையும் சேர்க்கிறேன். மடிக்கணினியிலிருந்து நாஸில் புதுப் படம் போட்டால், ஜெல்லிஃபின் அதை உடனே கண்டுகொள்ளாது. வேறொரு கணினி செய்த மாற்றத்தை, கோப்பு மாற்றங்களை அறிவிக்கும் லினக்ஸ் வசதியான ஐநோட்டிஃபை, என்எஃப்எஸ் வழியே அறிவதில்லை. நான் நாள்தோறும் அதிகாலை 4 மணிக்கு ஜெல்லிஃபின் தன் நூலகத்தை வருடும்படி (ஸ்கேன் செய்யும்படி) நேரம் குறித்து வைத்திருக்கிறேன்.