சார்ஜ் ஆகாத பழைய கார்: யாருக்கு என்ன நடந்தது, சொல்லுங்க

பானெட்வாசி
பேட்டரி மாத்தியாச்சு, ஓடறப்ப அதை சார்ஜ் பண்ற ஆல்டர்னேட்டர் மாத்தியாச்சு, அதோட வோல்ட்டை அடக்கி வைக்கற ரெகுலேட்டரும் மாத்தியாச்சு. அப்பவும் ராத்திரி ஹெட்லைட் போட்டா சார்ஜ் விளக்கு லேசா எரியும். முழுசா இல்லை, சாம்பல் மூடின தணல் மாதிரி. பகல்ல கண்ணுக்கே தெரியாது. மூணு மாசம் அதையே பார்த்துக்கிட்டு ஓட்டினேன்.

ஒரு ராத்திரி எல்லா லைட்டையும் போட்டு, ஆளை விட்டு கொஞ்சம் ரேஸ் கொடுக்கச் சொல்லி, மீட்டரை எடுத்தேன். ஆல்டர்னேட்டர் முதுகுல 14.3. பேட்டரி பிளஸ்ல 12.5. நடுவுல இருக்கறது ஒரே ஒரு தடி ஒயர். மிச்சம் 1.8 வோல்ட் எங்க போச்சு? ஒயர் மேலயே விரலை ஓட்டிக்கிட்டுப் போனேன். பாதி தூரத்துல ஒரு ஜாயின்ட், டேப் சுத்தி வெச்சிருந்தது. விரல் சுட்டுது. பிரிச்சுப் பார்த்தா லக் (ஒயர் முனையில இருக்கற உலோகக் கொக்கி) முழுக்கப் பச்சை பூத்திருக்கு, ஒயர்ல நாலே இழைதான் அதைப் பிடிச்சுக்கிட்டிருக்கு.

மூணு பாகம் மாத்தினேனே, அந்த மீட்டரை முதல் நாளே எடுத்திருந்தா? இன்னும் உறுத்துது.

கட்டைவண்டி
எனக்கும் சுட்டுது அண்ணே, ஆனா சோக் கேபிள்ல.

இன்ஜினை இறக்கி ஏத்தின அன்னிக்கு. செல்ஃப் அடிச்சேன், சோம்பலா சுத்துச்சு. ரெண்டாவது தடவை அடிக்கறப்ப டேஷ்போர்டுக்குள்ள இருந்து எரியற வாசனை. சோக் குமிழைப் பிடிச்சேன், பிடிச்ச வேகத்துல விட்டேன். இன்ஜினுக்கும் பாடிக்கும் நடுவுல போற எர்த் பட்டையைத் திருப்பி மாட்ட மறந்திருக்கோம். செல்ஃப் இழுக்கற அவ்வளவு கரன்ட்டும் வேற வழி இல்லாம அந்த ஒல்லிக் கேபிள் வழியா திரும்பியிருக்கு. பட்டை பெஞ்ச் மேல ஒரு அழுக்குத் துணிக்கடியில இருந்தது.

பிளஸ் பக்கம் பார்த்தீங்க, சரி. ஆல்டர்னேட்டர் பாடிக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவுல மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா? லைட் எரிய, வண்டி ஓட, 0.2க்கு மேல காட்டினா அங்கயும் வேலை இருக்கு.

தள்ளிஸ்டார்ட்
சுட்டதைச் சொல்றீங்க. என் கதையில வெதுவெதுப்புதான்.

எனக்குத் தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் ஓடிக்கிட்டிருந்த வண்டியில பேட்டரி டெர்மினலை உருவிட்டார். இன்ஜின் நிக்கலை. "பாத்தீங்களா, ஆல்டர்னேட்டர் தங்கம்"னார். அந்த நொடியில டேஷ்போர்டு பல்பு எல்லாம் வெள்ளையா பளீர்னு ஆனதை நான் பார்த்தேன், அவர் பார்க்கலை. கேக்கலாமான்னு நினைச்சேன், வாய் வரலை.

மறுநாளிலிருந்து ராத்திரியோட ராத்திரியா பேட்டரி காலி. பூட் லைட்டா, கடிகாரமான்னு ஒவ்வொரு ஃபியூஸா உருவிப் பார்த்தேன், எதுலயும் இல்லை. ஒரு காலையில சாவியே போடாம பானெட்டைத் திறந்து சும்மா ஆல்டர்னேட்டர் மேல கை வெச்சேன். ராத்திரி முழுக்க ஓடாத வண்டி. அது வெதுவெதுன்னு இருக்கு, காய்ச்சல்காரன் நெத்தி மாதிரி. டெர்மினலை உருவினப்ப எகிறின வோல்ட்டுல, கரன்ட்டை ஒரே பக்கம் விடற டையோடு போயிருக்கு. அந்த வழியா பேட்டரி விடிய விடிய வடிஞ்சிருக்கு.

ஆறுவோல்ட்
டெர்மினலை உருவறதே பாவம்ங்கற மாதிரி பேசறீங்க. ஆல்டர்னேட்டருக்கு முன்னாடி இருந்த டைனமோ காலத்துல எல்லாரும் அப்படித்தான் பார்த்தாங்க, ஒண்ணும் ஆகலை. டைனமோல டையோடு கிடையாது. என் வண்டியிலயும் சார்ஜ் இல்லாம இருந்துச்சு, கார்பன் பிரஷ் தேஞ்சு, உள்ள சுத்தற செம்புத் தகடான கம்யூட்டேட்டரைத் தொடவே இல்லை, மாத்தினேன், முடிஞ்சுது.

டைனமோ வெச்சிருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். லூகாஸ் சி40 மாதிரி டைனமோன்னா டி (கரன்ட் வெளிய வர்ற முனை), எஃப் (ஃபீல்டு காயில் முனை) ரெண்டு ஒயரையும் கழட்டுங்க. டைனமோவோட அந்த ரெண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால சேருங்க. வோல்ட்மீட்டரோட ஒரு காலை அதுல வெச்சு இன்னொண்ணை எர்த்ல வைங்க. ஐடில்ல இருந்து மெதுவா ரேஸ் கொடுங்க. முள் தடுமாறாம ஏறணும். 20 வோல்ட்டைத் தொட விடாதீங்க, 1000 ஆர்பிஎம் தாண்டவும் வேண்டாம். அரை வோல்ட், ஒரு வோல்ட்லயே நின்னா கோளாறு காந்தம் உண்டாக்கற ஃபீல்டு காயில்ல. 4, 5 வோல்ட்ல நின்னா உள்ள சுத்தற ஆர்மேச்சர்ல. முள் ஒழுங்கா ஏறிட்டா டைனமோவை விட்டுட்டு, அதை பேட்டரியோட சேர்த்துப் பிரிக்கற கட்-அவுட் பெட்டியைப் பாருங்க. அதுக்கு முன்னாடி ஃபேன் பெல்ட் லூசான்னு அழுத்திப் பாருங்க, அதை யாரும் பார்க்கறதே இல்லை. இன்னொண்ணு. பிளஸ் எர்த் வண்டியை (பேட்டரி பிளஸ் பாடியோட சேர்ந்தது) மைனஸ் எர்த்தா மாத்தினாலோ, பெஞ்ச்ல ரொம்ப நாள் கிடந்த டைனமோவை மாட்டினாலோ, ஒயர்களை மாட்டறதுக்கு முன்னாடி எஃப் முனையில பேட்டரியோட எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு ஒயரை ரெண்டு தடவை தொட்டுத் தொட்டு எடுங்க. சின்னதா பொறி பறக்கும், பயப்படாதீங்க. இல்லன்னா உள்ள இருக்கற மிச்ச காந்தம் பழைய திசையிலயே நிக்கும், டைனமோ தலைகீழா சார்ஜ் பண்ணப் பார்க்கும்.

தள்ளிஸ்டார்ட்
சார், கேட்டது அனுபவம், நீங்க பாடமே நடத்திட்டீங்க :) ஆனா ஒரு சந்தேகம். ஐடில்ல பல டைனமோவுக்கு கட்-அவுட் சேரவே சேராது. அப்ப டெர்மினலை உருவினா இன்ஜின் நின்னுபோகும், நல்ல டைனமோவைத் தூக்கித் தூரப் போடுவோம். அந்த சோதனை டைனமோவுக்கு மட்டும் எப்படி சரியாச்சு?

ஆறுவோல்ட்
ரேஸ் கொடுத்துட்டுத்தான் உருவணும். அது தெரியாதவங்க உருவக் கூடாது.

ஸ்பேனர்பன்னெண்டு
உங்க சண்டை நடக்கட்டும். என்னுது சின்னக் கதை.

டேஷ்போர்டு பளிச்சுன்னு இருக்கட்டும்னு எல்லா பல்பையும் எல்இடியா மாத்தினேன். அன்னிலிருந்து காலையில ஸ்டார்ட் பண்ணா சார்ஜ் இல்லை, பேட்டரியில 12.4தான். ஒரு தடவை இன்ஜின் அலறற அளவுக்கு ரேஸ் கொடுத்தா சட்டுன்னு 14க்குத் தாவும், அப்புறம் நாள் முழுக்க சரியா இருக்கும். ஆல்டர்னேட்டர் கிழடு தட்டிடுச்சுன்னு முடிவு பண்ணி வேற ஒண்ணு மாட்டினேன். அதுவும் அதே கூத்து.

அப்பதான் ஒயரிங் படத்தை ஒழுங்கா பார்த்தேன். சார்ஜ் விளக்கு வழியா போற கரன்ட்தான் ஆல்டர்னேட்டரோட ஃபீல்டு காயிலை முதல்ல எழுப்புது. பழைய 2.2 வாட் பல்பு விடற கரன்ட்டை எல்இடி விடாது. குப்பை டப்பாவைக் கிளறி அந்தப் பழைய பல்பை எடுத்துத் துடைச்சு மாட்டினேன். சாவி திருப்பினதும் மங்கலா மஞ்சள் கலந்த சிவப்பு. ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சுது. 14.2.

கழட்டின ஆல்டர்னேட்டரை "ஓடாது, பார்ட்ஸுக்கு வெச்சுக்கோ"ன்னு ஒருத்தர்கிட்ட கொடுத்துட்டேன். மறுவாரமே மாட்டிட்டார். நல்லா ஓடுதாம்.