வீட்டு வீடியோ எடிட்டிங் புராஜெக்ட்டுகளை முழுமையாகப் பேக்கப் எடுத்துப் பாதுகாப்பது எப்படி?

வெண்ணாற்றங்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நீடாமங்கலத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் குடும்ப வீடியோக்களைத் தொகுத்து முழுமையான படங்களாக ஆக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். அப்பா மினி டிவி (MiniDV) என்னும் சிறு கேசட் கேமராவில் எடுத்த அக்காவின் திருமணம், 2016ஆம் ஆண்டு மகாமகத்தின்போது கும்பகோணத்தில் மெமரி கார்டில் பதியும் ஏ.வி.சி.எச்.டி. (AVCHD) கேமராவில் எடுத்தவை, திருவாரூர் ஆழித்தேர், வயலில் கைபேசியால் எடுத்த நடவுக் காட்சிகள் எனப் பல வகையான மூலக் கோப்புகள் இருக்கின்றன. இவற்றுள் நடவுக் காட்சிகளே எனக்கு உயிரானவை. அம்மாவும் எங்கள் தெருப் பெண்களும் பாடிய நடவுப் பாட்டு அவற்றில் தொடக்கம் முதல் முடிவு வரை பதிவாகியிருக்கிறது. எங்கள் வயல்களில் இப்போது நடவு இயந்திரம்தான் இறங்குகிறது என்பதால், அந்தப் பாட்டை அதே பெண்கள் அதே வரிசையில் நின்று பாட, மீண்டும் பதிவு செய்ய வழியில்லை.

எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ ஒன்றரை டெராபைட் வரும். திருமணப் படத்தை கேடென்லைவ் என்னும் எடிட்டிங் மென்பொருளிலும் மற்றவற்றை டாவின்சி ரிசால்வ் என்னும் மென்பொருளின் இலவசப் பதிப்பிலும் தொகுக்கிறேன். கணினி பழையதாகிவிட்டது, அடுத்த மழைக்காலத்திற்குள் எல்லாவற்றையும் ஒழுங்காகப் பேக்கப் எடுத்துவிட வேண்டும் என்று நினைக்கிறேன். புராஜெக்ட்டை மட்டும் பென் டிரைவில் போட்டு வைத்தால் போதும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். முடிந்த படத்தை எம்.பி.4 ஆக எடுத்து வைத்துவிட்டு மற்றதை அழித்துவிடலாம் என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் என் மனம் ஒப்பவில்லை. எவற்றை எல்லாம் பேக்கப் எடுக்க வேண்டும், எதில் எடுத்து எங்கே வைக்க வேண்டும், எடுத்தது சரியாக இருக்கிறது என்பதை எப்படி உறுதி செய்துகொள்வது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கமாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

குடந்தைத் தொகுப்பாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. கும்பகோணத்தில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். தங்கள் மனம் ஒப்பாதது சரியே. அந்த இரண்டு யோசனைகளையும் ஏற்க வேண்டாம்.

எடிட்டிங் மென்பொருள்களின் புராஜெக்ட் கோப்பில் ஒரு நொடி வீடியோகூட இருப்பதில்லை. எந்தக் கோப்பின் எந்த நொடியிலிருந்து எந்த நொடிவரை எடுத்து டைம்லைனில், அதாவது காட்சிகளை வரிசையாக அடுக்கும் பட்டையில், எங்கே வைத்தோம், நிறத்தை எப்படி மாற்றினோம், எழுத்து எங்கே வருகிறது என்ற குறிப்புகளும், மூலக் கோப்புகள் கணினியில் இருக்கும் இடத்தின் முகவரியும்தான் அதில் இருக்கும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மூலக் கோப்புகளை இழப்பது, பத்திரம் பெட்டியில் இருக்க நிலம் ஆற்றோடு போனதற்குச் சமம். முடிந்த எம்.பி.4 மட்டும் போதும் என்பதும் சரியன்று. அதில் படம் ஏற்கெனவே சுருக்கப்பட்டிருக்கும்; வெட்டி ஒதுக்கிய பகுதிகளும் அதில் இரா. நடவுப் பாட்டில் தாங்கள் இன்று வேண்டாம் என்று விட்ட அடிகளை நாளை உங்கள் பிள்ளைகள் கேட்க விரும்பலாம் அல்லவா?

ரிசால்வ் பயன்படுத்துவோர் பலர் தெரிந்துகொள்ளாத ஒன்றைச் சொல்ல வேண்டும். ரிசால்வின் புராஜெக்ட்டுகள், வீடியோக்கள் இருக்கும் கோப்புறையில் தனிக் கோப்பாக இருப்பதில்லை. மென்பொருளின் புராஜெக்ட் லைப்ரரி என்னும் தரவுத்தளத்திற்குள் அவை சேமிக்கப்படுகின்றன. ஆகவே, வீடியோக் கோப்புறையை எத்தனை முறை நகலெடுத்தாலும் செய்த எடிட்டிங் அந்த நகலில் வராது. புராஜெக்ட் மேனேஜரில் புராஜெக்ட்டின் மேல் வலது கிளிக் செய்து ஏற்றுமதி செய்தால் சிறிய டி.ஆர்.பி. (.drp) கோப்பு கிடைக்கும், அதில் குறிப்புகள் மட்டுமே இருக்கும். அதே பட்டியலில் உள்ள புராஜெக்ட் ஆர்க்கைவைத் தேர்ந்தெடுத்தால் மூலக் கோப்புகளும் சேர்ந்த முழுத் தொகுப்பு கிடைக்கும். தங்களுக்கு வேண்டியது இந்த இரண்டாவது. அப்போது ரெண்டர் கேச் (மென்பொருள் தற்காலிகமாக உருவாக்கி வைக்கும் கோப்புகள்), பிராக்ஸி (எடிட்டிங் எளிதாக ஓட உருவாக்கும் சிறிய நகல்கள்) ஆகியவற்றைச் சேர்க்கலாமா என்று மென்பொருள் கேட்கும். அவற்றை மீண்டும் உருவாக்கிக்கொள்ள முடியும் என்பதால் வேண்டாம் என்று விட்டுவிடலாம், இடம் மிச்சமாகும். கேடென்லைவில் புராஜெக்ட் மெனுவில் உள்ள ஆர்க்கைவ் வசதி இதே வேலையைச் செய்யும். தானாகச் சேமிக்கும் வசதி இரண்டு மென்பொருள்களிலும் இருந்தாலும், அந்த நகல்கள் வழக்கமாக அதே கணினியில்தான் இருக்கின்றன. டிஸ்க் போனால் அவையும் உடன் போகும்.

ஏ.வி.சி.எச்.டி. கேமராவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் கேமரா நீளமான காட்சியைப் பல எம்.டி.எஸ். கோப்புகளாகப் பிரித்து எழுதும். அவற்றை இணைக்கும் விவரம் மெமரி கார்டில் உள்ள வேறு கோப்புறைகளில் இருக்கும். ஆகவே எம்.டி.எஸ். கோப்புகளை மட்டும் பொறுக்கி எடுக்காமல், கார்டில் இருக்கும் பிரைவேட் கோப்புறையை அப்படியே நகலெடுக்க வேண்டும். ஒவ்வொரு கார்டிலும் கோப்பின் பெயர் 00000, 00001 என்றே தொடங்கும் என்பதால், தேர்க் காட்சியும் மகாமகக் காட்சியும் ஒரே பெயரில் இருக்கக்கூடும். எல்லாவற்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒன்றின் மேல் ஒன்று எழுதப்படலாம். மறுபடி இணைக்கும்போது மென்பொருள் தவறான காட்சியை எடுத்துப் போடவும் கூடும். கார்டுக்கு ஒரு கோப்புறை என்று ஒதுக்கி, அதற்கு நாளையும் இடத்தையும் பெயராக இடுங்கள். எடிட்டிங்கைத் தொடங்கிய பின் மூலக் கோப்புகளின் பெயரை மாற்றாதீர்கள்.

பயன்படுத்திய எழுத்துருக்கள், இசைக் கோப்புகள், நிறத்தை மாற்றப் பயன்படும் லட் (LUT) கோப்புகள் ஆகியவற்றையும் அதே தொகுப்பில் வையுங்கள். எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ்த் தலைப்புகள் வேறு வடிவில் வந்து நிற்கும். மென்பொருளின் பதிப்பு எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். புதிய ரிசால்வில் ஒரு முறை திறந்து மேம்படுத்திய புராஜெக்ட்டைப் பழைய ரிசால்வில் திறக்க முடியாது. கூடவே ஒரு சாதாரண உரைக் கோப்பில், எந்தக் கோப்பில் யார் இருக்கிறார்கள், பாட்டை எடுத்துக் கொடுத்தவர் யார், பின்பாட்டுப் பாடியவர்கள் யார் என்று எழுதி வையுங்கள். முகங்களின் பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். அதை எந்த மென்பொருளாலும் பின்னர் மீட்டுத்தர இயலாது.

நாகை உப்புக்காற்று எழுதியது:

குடந்தை நண்பர் சொன்ன எல்லாவற்றையும் வழிமொழிகிறேன். எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன்.

மூன்று நகல்கள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில் என்ற 3-2-1 விதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் பகுதியில் அந்த வேறு ஊர் எது என்பதை யோசித்து முடிவு செய்ய வேண்டும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தபோது, நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று அடுத்தடுத்த மாவட்டங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் அடிபட்டன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. நீடாமங்கலத்தில் ஒரு நகலும் மன்னார்குடியில் மாமா வீட்டில் ஒரு நகலும் இருந்தால் திருட்டிலிருந்தும் தீயிலிருந்தும் காப்பாற்றும்; அப்படி ஒரு புயலில் இரண்டு வீட்டு ஓடும் சேர்ந்தே பறக்கும். மூன்றாவது நகல் டெல்டாவுக்கு வெளியே, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ பெங்களூரிலோ இருக்கும் உறவினர் வீட்டில் இருப்பதே நல்லது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, வீட்டில் மாட்டியிருந்த ஒரு புகைப்படம்கூட மிஞ்சாத குடும்பங்களை நான் அறிவேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் இருக்கும் நகலுக்கு முதல் பகை ஈரப்பதம். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவின் அடித்தட்டில் வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சுவர் வியர்த்துக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வைத்து, உயரமான தட்டில் வையுங்கள். அப்பாவின் மினி டிவி கேசட்டுகளையும் கணினியில் ஏற்றிவிட்டோம் என்பதற்காகத் தூக்கி எறிய வேண்டாம். கேசட்டின் கண்ணாடி வழியே பார்த்தால் நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளையாகப் பொடி பூத்ததுபோல் தெரிகிறதா என்று கவனியுங்கள்; அது பூஞ்சை. அப்படிப்பட்ட கேசட்டைக் கேமராவில் போட்டால் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் பூஞ்சை ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். அதைச் சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்த பிறகே ஓட்ட வேண்டும்.

வெண்ணாற்றங்கரை எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. பெயர்களை எழுதி வைக்கும் வேலையை அம்மாவுடன் உட்கார்ந்து இன்று இரவே தொடங்குகிறேன். தம்பி கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான், அவனிடம் ஒரு நகல் இருக்கலாம். ஆனால் இப்போதைக்கு என்னால் ஒரே ஒரு ஹார்டு டிஸ்க்தான் வாங்க முடியும். இரண்டாவதைச் சம்பா அறுவடைக்குப் பிறகு வாங்கலாம் என்றிருக்கிறேன். அதுவரை எதை முதலில் செய்வது? கிளவுடில் ஏற்றுவது நம் ஊர் இணைய வேகத்தில் இயலுமா? ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வாங்கலாமா?

தஞ்சை வடக்குவீதி எழுதியது:

வணக்கம். கல்லூரி ஒன்றின் கணினி ஆய்வகத்தைப் பராமரித்து வருபவன் என்ற முறையில் கடைசிக் கேள்விகளுக்குப் பதில் எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.டி. வேண்டாம். மின் இணைப்பு இல்லாமல் நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் அதில் உள்ள தரவு மெல்ல அழியும் வாய்ப்பு உண்டு. அதே விலைக்கு இரண்டு மடங்குக்கும் மேலான கொள்ளளவில் சாதாரண ஹார்டு டிஸ்க் கிடைக்கும். வாங்கியதும் அது எந்த முறையில் ஃபார்மட் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ஒரு மணி நேர மினி டிவி கேசட் ஏறத்தாழ 13 ஜி.பி. வரும், ஃபேட்32 முறையில் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட தனிக் கோப்பை எழுதவே முடியாது. விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் என்.டி.எஃப்.எஸ். முறையே போதும்.

கிளவுடைப் பொறுத்தவரை கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏற்றும் வேகம் நொடிக்கு 20 மெகாபிட் என்று கொண்டாலும், ஒன்றரை டெராபைட்டை ஏற்ற இடைவிடாமல் ஏறத்தாழ ஏழு நாட்கள் ஆகும். நம் மின்வெட்டில் அது இன்னும் நீளும். கூகுள் கணக்கில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜி.பி.யில் முழுத் தொகுப்பும் கொள்ளாது. ஆனால் டி.ஆர்.பி. கோப்புகள், கேடென்லைவ் கோப்புகள், பெயர்க் குறிப்புகள் ஆகியவை மிகச் சிறியவை. அவற்றை ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஏற்றிவிடலாம். நடவுப் பாட்டின் மூலக் கோப்புகள் அந்த அளவுக்குள் அடங்குமானால் அவற்றையும் இன்றே ஏற்றிவிடுங்கள். கணினிக் கோப்புறையுடன் தானாக ஒத்திசையும் முறையில் வைக்காமல் தனியே பதிவேற்றுங்கள், ஏனெனில் ஒத்திசைவில் இங்கே தவறி அழித்தால் அங்கும் அழியும்.

புதிய டிஸ்கில் முதலில் எழுத வேண்டியவை மீண்டும் எடுக்கவே முடியாத மூலக் கோப்புகள். அதன் பிறகு புராஜெக்ட் ஆர்க்கைவ்கள். முடிந்த படங்கள் கடைசியில். நகலெடுக்கும் நேரத்தில் மின்சாரம் போனால் பாதி எழுதிய கோப்பு முழுக் கோப்பைப் போலவே பெயருடன் நிற்கும். ஆகவே கணினிக்கு யு.பி.எஸ். இருப்பது நல்லது. வீட்டு இன்வெர்ட்டரை நம்பினால், அதில் உள்ள சுவிட்ச் யு.பி.எஸ். நிலையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மற்ற நிலையில் மின்சாரம் போனதும் பேட்டரிக்கு மாற ஆகும் நேரம் கூடுதலாக இருப்பதால் கணினி அணைந்துவிடக்கூடும். வெறும் காப்பி பேஸ்ட் செய்யாமல், எழுதியதைத் திரும்பப் படித்து ஒப்பிடும் டெராகாப்பி போன்ற மென்பொருளையோ ரிசால்வின் மீடியா பக்கத்தில் உள்ள, நகலெடுக்கும் குளோன் கருவியையோ பயன்படுத்துங்கள்.

கோப்புகள் இருக்கின்றன என்பதால் புராஜெக்ட் திறக்கும் என்று பொருளாகாது. நகலெடுத்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி, ஆர்க்கைவை அங்கே மீட்டு, டைம்லைனின் தொடக்கம், நடு, முடிவு மூன்றிலும் ஓட்டிப் பாருங்கள். உங்கள் கணினியிலேயே சோதித்தால் மூலக் கோப்புகளை அது பழைய இடத்திலிருந்து எடுத்துக் காட்டி உங்களை ஏமாற்றக்கூடும். மீடியா ஆஃப்லைன் என்று எங்காவது சிவப்பாகத் தெரிந்தால், அந்தக் கோப்பு ஆர்க்கைவில் சேரவில்லை என்று பொருள். இதை ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்பு புரட்டாசியில் ஒரு முறை செய்யுங்கள்.

ஒரே டிஸ்க்தான் இப்போது என்றால், சோதனை முடிந்த கையோடு அதைத் தம்பியிடம் கொடுத்தனுப்பிவிடுங்கள். அறுவடைக்குப் பின் வாங்கும் டிஸ்க் வீட்டில் இருக்கட்டும். அதுவரை கணினியில் உள்ள மூலக் கோப்புகளையும் பழைய மெமரி கார்டுகளையும் அழிக்க வேண்டாம்.