ஸ்பிட்டல்பீல்ட்ஸ் பட்டுத் தறிகள் ஓய்ந்தது எதனால்?

முகில்:

அனைவருக்கும் வணக்கம். இலண்டனில் பிரிக் லேனும் ஃபோர்னியர் தெருவும் கூடும் மூலையில் இருக்கும் பள்ளிவாசலைப் பற்றி அண்மையில் படித்தேன். பிரான்சிலிருந்து வந்த ஹியூகனாட் கிறித்தவர்களுக்குத் தேவாலயமாக 1743இல் கட்டப்பட்ட அந்தக் கட்டடம், பின்னர் மெதடிஸ்டு என்ற கிறித்தவப் பிரிவினரிடம் சென்று, 1898இல் யூதர்களின் தொழுகைக் கூடமாகி, 1976 முதல் பள்ளிவாசலாக இருந்துவருகிறது. முதலில் அங்கே வழிபட்டவர்களில் பெரும்பாலோர் பட்டு நெசவை நம்பி வாழ்ந்தவர்கள் என்று அறிந்ததும் அது இருக்கும் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் வட்டாரத்தைப் பற்றித் தேடத் தொடங்கினேன்.

எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. அவ்வளவு பெரிய நகரத்தில் நெசவாளர்கள் ஏன் அந்த ஒரு மூலையில் வந்து குவிந்தார்கள்? விசைத்தறி வந்ததும் அவர்கள் அழிந்தார்கள் என்று பல இடங்களில் ஒரே வரியில் எழுதியிருக்கிறார்கள், அது சரிதானா?

பழைய ஏடு:

முகில் அவர்களுக்கு, முதல் கேள்விக்கு இடத்தின் பெயரிலேயே பாதி விடை இருக்கிறது. 1197இல் அங்கே நிறுவப்பட்ட புனித மரியாள் மடத்தோடு ஒரு மருத்துவ விடுதியும் இருந்தது. அந்த விடுதியைக் குறித்த 'ஸ்பிட்டல்' என்ற சொல்லே அதைச் சுற்றியிருந்த வயல்வெளிக்கும் பெயராயிற்று. இடம் நகர மதிலுக்கு வெளியே இருந்ததால் வாடகையும் குறைவு, நகரத் தொழிற்குழுக்களின் கெடுபிடியும் குறைவு. ஆகவே ஹியூகனாட்டுகள் பெருந்திரளாக வருவதற்கு முன்பே அங்கே பட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. ஹியூகனாட்டுகள் எனப்பட்ட பிரான்சின் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு 1598இல் வழங்கப்பட்ட உரிமைகளைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி 1685இல் பறித்தபோது, ஏறத்தாழ நாற்பது ஐம்பதாயிரம் பேர் இங்கிலாந்துக்குத் தப்பிவந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அவர்களில் பட்டு நெசவு அறிந்தவர்கள், தொழிலும் தேவாலயமும் தம் மொழி பேசுவோரும் இருந்த இடத்தைத் தேடிச் சென்றது இயல்புதான்.

இரண்டாவது கேள்விதான் என்னை இவ்வளவு நீளமாக எழுத வைக்கிறது. ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவு சட்டத்தின் நிழலில் வளர்ந்து, அந்த நிழல் விலகியபோது வாடியது என்பதே என் கருத்து. நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பலேறிய வண்ணப் பருத்தித் துணிகள் அங்கே மலிவாக விற்றன. துவைத்தாலும் அவற்றின் சாயம் போகாது. அச்சிட்ட இந்தியத் துணியின் இறக்குமதியை 1700இலேயே சட்டமியற்றித் தடுத்தார்கள். வெள்ளைத் துணியை வரவழைத்து உள்நாட்டில் அச்சிட்டு விற்பது பெருகியதும் 1719இல் நெசவாளர்கள் தெருவில் இறங்கி, பருத்தி உடுத்திச் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தார்கள், மையை ஊற்றினார்கள். அச்சிட்ட பருத்தியை உடுத்துவதையே தடை செய்யும் சட்டம் 1721இல் வந்தது. 1774 வரை அது நடப்பில் இருந்தது. நம் கரையின் நெசவாளரும் சாயக்காரரும் இழந்த சந்தையில் ஸ்பிட்டல்பீல்ட்ஸ் நெசவாளரின் பிழைப்பும் அடங்கியிருந்தது என்பதை நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. இரு பக்கமும் தறியில் உட்கார்ந்து உழைத்தவர்களே.

பிறகு 1763இல் பிரான்சுடன் நடந்த ஏழாண்டுப் போர் முடிந்ததும் பிரெஞ்சுப் பட்டு மீண்டும் போட்டிக்கு வந்தது. 1765இல் நெசவாளர்கள் நாடாளுமன்றத்துக்கு ஊர்வலமாகச் சென்று, தங்கள் கோரிக்கையை எதிர்த்த பெட்ஃபர்ட் பிரபுவின் மாளிகையை முற்றுகையிட, மறு ஆண்டே அயல்நாட்டுப் பட்டுக்குத் தடை விதிக்கப்பட்டது. அப்போதும் கூலிச் சண்டை ஓயவில்லை. குறைந்த கூலிக்கு நெய்த தறிகளில் புகுந்து பட்டை அறுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட டாயில், வாலைன் என்ற இருவரை 1769 டிசம்பரில் அருகிலிருந்த நெசவாளர் பகுதியான பெத்னல் கிரீனில், அவர்களுடைய அக்கம்பக்கத்தார் பார்க்கும்படியாகத் தூக்கிலிட்டார்கள்.

1773ஆம் ஆண்டுச் சட்டம் கூலியை நிர்ணயிக்கும் பொறுப்பை நீதிபதிகளிடம் ஒப்படைத்தது. நிர்ணயித்ததற்கு மேலோ கீழோ கூலி கொடுத்த முதலாளிக்கு அபராதம் உண்டு. ஆனால் அச்சட்டம் இலண்டனையும் அதைச் சூழ்ந்த மிடில்செக்ஸ் பகுதியையும் மட்டுமே கட்டுப்படுத்தியதால், முதலாளிகள் வேலையைச் சத்தமின்றி எசெக்ஸ் போன்ற மாவட்டங்களுக்கு மாற்றினார்கள். 1824இல் கூலிச் சட்டமும் 1826இல் இறக்குமதித் தடையும் நீங்கின. தடை இருந்த இடத்தில் ஏறத்தாழ 30 சதவீதச் சுங்கம் வந்தது. 1860இல் பிரான்சுடன் ஏற்பட்ட வணிக உடன்படிக்கை பிரெஞ்சுப் பட்டின் மீதிருந்த சுங்கத்தையும் அகற்றிவிட்டது. அதன் பிறகு பெத்னல் கிரீன் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன.

பாவுநூல்:

பழைய ஏடு ஐயா எழுதியவற்றில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். நான் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவன் என்பதால் தறியின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

விசைத்தறி முதலில் பிடித்துக்கொண்டது பருத்தியை. பட்டு இழை மெல்லியது, விலை உயர்ந்தது. இயந்திரத்தின் வெட்டியிழுக்கும் விசையில் ஓர் இழை அறுந்தாலும் அதைத் தேடி முடிந்துவிட்டுத்தான் தறியை ஓட்ட முடியும். எனவே பூவேலைப் பட்டும் வெல்வெட்டும் நெடுங்காலம் கைத்தறியிலேயே நெய்யப்பட்டன. பூவேலைக்குரிய இழைகளைத் தானே தூக்கும் ஜக்கார்டு என்ற கருவி வருவதற்கு முன் பூவேலைத் தறிக்கு இரண்டு ஆள் வேண்டும். நெசவாளர் குறுக்கு நூலைக் கொண்டுசெல்லும் நாடாவை எறிய, பக்கத்தில் நிற்கும் பையன் பூவின் ஒவ்வொரு வரிசைக்கும் உரிய கயிறுகளை இழுத்து, நீளவாக்கில் ஓடும் பாவு இழைகளைத் தூக்கிக் கொடுப்பான். பையன் ஒரு கயிற்றை மாற்றி இழுத்தால் இதழ் கோணிவிடும்.

அந்த வட்டாரத்து வீடுகளின் மேல்மாடியில் சுவரின் நீளத்துக்கும் சன்னல் வைத்திருப்பது வெளிச்சத்துக்காகத்தான். கறுப்புப் பாவில் அறுந்த இழையை மங்கிய வெளிச்சத்தில் கண்டுபிடிப்பது எவ்வளவு பாடு என்பது நம் ஊர்த் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஒரு திருத்தமும் சொல்ல வேண்டும். இன்று ஃபோர்னியர் தெருவில் மக்கள் வியந்து பார்க்கும் மரவேலைப்பாடு மிகுந்த வீடுகளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் முதலாளிகளும் பட்டு வணிகர்களுமே. கூலிக்கு நெய்தவர்கள் கிழக்கே பெத்னல் கிரீனில், தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே அறையில் அடங்கிய சிறு வீடுகளில் இருந்தார்கள். அவர்களில் ஆங்கிலேயரும் அயர்லாந்துக்காரரும் பலர். எல்லோரையும் ஹியூகனாட் என்று எழுதிவிடுவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

1773ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றி நான் மாறுபடுகிறேன். முதலாளிகள் வெளியேற அது ஒரு காரணமானது உண்மை. ஆனால் ஐம்பது ஆண்டுகள் கூலி ஓர் அளவுக்குக் கீழே இறங்காமல் காத்ததும் அதே சட்டம்தான். 1823இல் அதை நீக்க வேண்டும் என்று பொருளியல் அறிஞர் ரிக்கார்டோ நாடாளுமன்றத்தில் வாதிட்டபோது, நீக்காதீர்கள் என்று ஆயிரக்கணக்கில் கையொப்பமிட்டு மனுக் கொடுத்தவர்கள் நெசவாளர்களே. தங்களுக்கு எது நல்லது என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது என்று நான் நம்பமாட்டேன்.

முகில்:

இருவருக்கும் மிக்க நன்றி. இழுப்புப் பையனைப் பற்றிப் படித்ததும் இன்னொரு கேள்வி எழுகிறது. அந்தப் பூக்களை வரைந்து கொடுத்தவர்கள் யார்? அதையும் நெசவாளர்களே செய்தார்களா?

செவ்வந்தி:

சிலர் செய்தார்கள், ஆனால் அது தனித் தொழிலாகவே இருந்தது. அதில் தலைசிறந்தவர்களுள் ஒருவர் ஆனா மரியா கார்த்வெய்ட் என்ற பெண்மணி. 1688இல் பிறந்த அவர் ஆங்கிலப் பாதிரியார் ஒருவரின் மகள், நெசவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அல்லர். நாற்பது வயதையொட்டி இலண்டனுக்கு வந்து, இன்று பிரின்ஸ்லெட் தெரு எனப்படும் இடத்தில் குடியிருந்துகொண்டே, 1763இல் இறக்கும்வரை அந்த வட்டாரத்திலேயே வாழ்ந்தார். அவருடைய நீர்வண்ண மாதிரிகள் எண்ணூறுக்கு மேல் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் உள்ளன. பலவற்றில் எந்த ஆண்டு வரைந்தது, எந்த நெசவாளரோ வணிகரோ வாங்கினார் என்பதை அவரே எழுதிவைத்திருக்கிறார். பட்டுத் துணி நைந்து போய்விடும். அந்தக் குறிப்புகள் இருப்பதால்தான் எஞ்சிய சில ஆடைகளை இன்ன ஆண்டு, இன்னாருக்காக வரைந்தது என்று இன்று பொருத்திப் பார்க்க முடிகிறது.

பாவுநூல் அண்ணா கூலி நெசவாளர்களைப் பற்றி எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். 1717இல் அங்கே ஒரு கணிதக் கழகம் தொடங்கப்பட்டது. உறுப்பினர்களில் பலர் நெசவாளர்கள். நூறாண்டுக்கு மேல் நிலைத்திருந்து, 1840களில் அது அரச வானியல் கழகத்தோடு இணைந்தது. நிறப்பிழை நீக்கிய தொலைநோக்கி வில்லைக்கு 1758இல் காப்புரிமை பெற்ற ஜான் டாலண்டும் ஸ்பிட்டல்பீல்ட்ஸில் ஹியூகனாட் பட்டு நெசவாளர் ஒருவருக்குப் பிறந்து, தாமும் தறியில் இருந்தபடியே கணிதம் கற்றவர்.