பெருநகரத்தில் கட்டுப்படியாகும் வாடகை ஃபிளாட்: எதை வைத்து முடிவு செய்வது?

புதுச்சாவி:
வேலை மாறிப் பெரிய நகரத்துக்குப் போகிறோம், இரண்டு பேர். அலுவலகத்துக்குப் பக்கத்தில் பார்த்தால் கைக்கு வரும் சம்பளத்தில் பாதி வாடகைக்கே போய்விடும். தள்ளிப் போனால் வாடகை குறைகிறது. எவ்வளவு வரை கொடுக்கலாம், எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம்? பார்க்கப் போகும்போது எதைச் சோதிக்க வேண்டும்?

நாற்சதுரம்:
வாடகையை வாடகையோடு ஒப்பிடாதீர்கள், மாத மொத்தச் செலவை ஒப்பிடுங்கள். வாடகை, பராமரிப்புக் கட்டணம், தண்ணீர், மின்சாரம், வண்டி நிறுத்தும் கட்டணம், இரண்டு பேரின் பயணச் செலவு எல்லாம் சேரும். புரோக்கர் கமிஷன், சாமான் ஏற்றும் கூலி போன்ற திரும்பி வராத பணத்தை, அங்கே இருக்கப்போகும் மாதங்களால் வகுத்து அதையும் கூட்டுங்கள். 11 மாதத்தில் காலி செய்வதாக இருந்தால் இந்தத் தொகைதான் கணக்கையே புரட்டிப்போடும்.

தூரத்துக்கும் ஒரு விலை உண்டு. ஒரு வழிக்கு 40 நிமிடம் கூடுதல் என்றால், 22 வேலை நாளில் ஒருவருக்கு 29 மணி நேரத்துக்கு மேல் போகிறது. மிச்சமாகும் வாடகையை இந்த மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். வரும் தொகைக்கு அவ்வளவு நேரம் பயணம் செய்யச் சம்மதமா என்பதை நீங்கள் இருவரும்தான் சொல்ல வேண்டும்.

வருமானத்தில் 30% என்று எல்லோரும் சொல்வது, 1981ல் அமெரிக்காவில் அரசு உதவி பெறும் வீடுகளின் வாடகைக்கு வைத்த வரம்பு. அதற்கு முன் அது 25% ஆக இருந்தது. கடன் தவணை கட்டுகிறவர்களுக்கு அது பொருந்தாது. தவணையைக் கழித்துவிட்டு மிச்சத்தில் கணக்கிடுங்கள்.

மொட்டைமாடி:
வீட்டை ரெண்டு தடவை பாருங்க, பகல்ல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. மேல்மாடி வீடு காலையில குளுகுளுன்னு இருக்கும். காங்கிரீட் தளம் பகல் வெயிலை வாங்கி வச்சிக்கிட்டு, பொழுது சாஞ்ச பிறகுதான் உள்ளே இறக்கும். வாடகை ஏன் குறைவுன்னு அப்பதான் புரியும்.

சமையலறைக் குழாயையும் ஷவரையும் ஒரே நேரத்துல திறந்துவிட்டு ஃப்ளஷ் பண்ணுங்க. ஷவர் மெலிஞ்சு போனா அழுத்தம் போதலை. குளியலறைத் தரையில ஒரு வாளி தண்ணி ஊத்துங்க, வாட்டம் சரியா இருக்கா, எங்க தேங்குதுன்னு தெரிஞ்சிடும்.

ஒரே ஒரு சுவருக்கு மட்டும் புது பெயிண்ட் இருந்தா கையை வச்சுப் பாருங்க. தரைத்தள வீட்டுல தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம் வரைக்கும் உப்புப் பூத்திருந்தா அது அஸ்திவாரத்திலிருந்து ஏறுற ஈரம், பெயிண்ட் அடிச்சா நிக்காது. மேல்மூலையில கறைன்னா மொட்டைமாடி ஒழுக்கோ, மேல் வீட்டுக் குழாய்க் கசிவோ. அதைச் சரிபண்ண முடியும், ஆனா குடிவர்றதுக்கு முன்னாடியே பண்ணித் தரச் சொல்லுங்க.

முக்கியமா, வீட்டு மெயின் சுவிட்சை அணைச்சிட்டு மீட்டரைப் பாருங்க. அப்பவும் மின்சாரம் ஓடுறதைக் காட்டுற மீட்டர் விளக்கு சிமிட்டினா, உங்க மீட்டர்லருந்து வேற எங்கேயோ இணைப்பு போகுது, இல்லன்னா அது உங்க மீட்டரே இல்லை.

புதுச்சாவி:
மிக்க நன்றி. வாடகையைப் பேசிக் குறைக்க முடியுமா? அட்வான்ஸ் பணத்தை எப்படிப் பாதுகாப்பது?

நாற்சதுரம்:
முடியும். வீடு ஒரு மாதம் காலியாகக் கிடந்தால் உரிமையாளர் இழப்பது ஆண்டு வாடகையில் 8.3%. எனவே 5% குறைத்து உடனே ஆள் வைப்பது அவருக்கும் லாபம்தான். ஒரு மாதத்துக்கும் மேலாகக் காலியாக இருக்கும் வீடுகளில் இதைப் பேசுங்கள்.

ஒப்பந்தப்பத்திரம்:
வீட்டை உள்ளே போய்ப் பார்க்காமல் ‘டோக்கன்’ என்று ஒரு காசும் அனுப்பாதீர்கள். ‘வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்’ என்றால் அது மோசடி. சொத்து வரி ரசீதிலும் மின் கட்டண ரசீதிலும் உள்ள பெயர், பணம் வாங்குபவரின் அடையாள அட்டையோடு பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அவரே அங்கே வாடகைக்கு இருப்பவராக இருக்கலாம். அப்போது உரிமையாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் மேலே பேசாதீர்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள்.

அட்வான்ஸ் தகராறு பெரும்பாலும் பெயிண்ட், ஆணி ஓட்டை, உடைந்த பொருள் இவற்றில்தான் வரும். புழக்கத்தில் வரும் தேய்மானத்துக்குப் பிடித்தம் இல்லை, மற்ற பிடித்தங்களுக்கு ரசீது காட்ட வேண்டும், காலி செய்த எத்தனை நாளில் பணம் திரும்ப வரும் என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள். முன்னறிவிப்புக் காலம் இரு தரப்புக்கும் ஒன்றாக இருக்கட்டும். வாடகை உயர்வு எத்தனை சதவீதம், எப்போது என்பதும் எண்ணில் இருக்க வேண்டும்.

சாவி வாங்கும் நாளில், சாமான் ஏற்றும் முன்பே, ஒவ்வொரு அறையையும் மீட்டர் அளவையும் வீடியோ எடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். உங்கள் கைபேசியிலேயே வைத்திருந்தால், எப்போது எடுத்தது என்ற வாதத்தில்தான் போய் நிற்கும்.