கூத்து நோட்டும் இரண்டு கேமராவும்

"தாத்தா வீடு, செய்யாறு" குழு
சனிக்கிழமை

காலை 9:12
நான்: தாத்தாவின் கூத்து நோட்டுகளைப் படம் எடுக்கிறேனே, அதில் முதல் நோட்டு முடிந்தது. 162 பக்கம், ஒன்றுகூடக் கலங்கவில்லை. இரண்டு பக்கம் அனுப்புகிறேன், பெரிதாக்கிப் பாருங்கள்.
(2 படங்கள்)

பெரியப்பா: அப்பா கையெழுத்து! பென்சிலில் எழுதியதுகூடத் தெரிகிறதே அம்மா. போன வாரம் நீ அனுப்பியதில் எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாக இருந்தது.

நான்: அது நான் விரலால் பட்டனை அழுத்தி எடுத்தது பெரியப்பா. நம் கூடத்து வெளிச்சத்தில் ஷட்டர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் கதவு, 1/15 நொடி திறந்திருந்தது. அந்த நேரத்தில் கேமரா ஒரு மயிரிழை அசைந்தாலும் எழுத்து இரட்டையாகிவிடும். 60 பக்கத்தில் 14 பக்கம் அப்படிப் போனது. இப்போது கேமராவை யாரும் தொடுவதே இல்லை. லேப்டாப்தான் ஷட்டரை இயக்குகிறது.

அண்ணன்: போனிலேயே ஸ்கேன் ஆப் இருக்கிறதே, சீக்கிரம் முடியுமே?

நான்: கரண்ட் பில்லுக்கு அது போதும் அண்ணா, இந்த நோட்டுக்கு வேண்டாம். தாளை வெள்ளையாக்குகிறேன் என்று அது பென்சில் எழுத்தையும் சேர்த்து வெளுத்துவிடுகிறது. ஓரத்தில் தாத்தா "இங்கே மத்தளம் நிற்கணும்" என்று எழுதியிருக்கிறார். ஆப்பில் எடுத்த படத்தில் அந்த வரியே இல்லை.

அத்தை: டவுனில் ஒரு கடையில் விசாரித்தாயே?

நான்: தையலைப் பிரித்துத் தாள் தாளாகக் கொடுத்தால்தான் எடுப்போம் என்றார்கள் அத்தை. நோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். தாத்தா கோணி ஊசியால் தைத்த தையல் அது.

அம்மா: நல்ல காரியம் செய்தாய். ஆயா கேட்டிருந்தால் அழுதிருப்பார்.

காலை 9:40
தம்பி: அக்கா, எந்த கேமரா? லேப்டாப்பில் எப்படி இணைத்தாய்? முழுசாகச் சொல்.

நான்: பென்சில் பேட்டரி போடுகிற பழைய கேனான் பவர்ஷாட். ஒன்று நம் வீட்டில் கிடந்தது, அதே மாடல் இன்னொன்று பழைய விலைக்கு வாங்கினேன். மாமா பலகையில் 'வி' வடிவத்தில் ஒரு தாங்கி செய்து கொடுத்தார். நோட்டு அதில் பாதி விரிந்த நிலையில் படுத்திருக்கும், முதுகில் இழுப்பு இருக்காது. இடப் பக்கத்தை ஒரு கேமரா பார்க்கும், வலப் பக்கத்தை மற்றது.

நான்: முதலில் ஜிஃபோட்டோ2 என்ற, கம்ப்யூட்டரிலிருந்து கேமராவை இயக்கும் மென்பொருளைப் போட்டுப் பார்த்தேன். லினக்ஸில் இலவசமாகக் கிடைப்பது. கேமராவும் கம்ப்யூட்டரும் பேசிக்கொள்ள பிடிபி என்று ஒரு பொது மொழி இருக்கிறது, ஐஎஸ்ஓ 15740 என்ற தரம். அந்த மொழியில்தான் இது கட்டளை அனுப்பும். கேபிளைச் செருகியதும் "யூஎஸ்பி சாதனத்தைப் பிடிக்க முடியவில்லை" என்று பிழை வந்தது. ஒரு ராத்திரி முழுக்க கேபிளைத்தான் சந்தேகப்பட்டேன். கேபிளில் ஒன்றும் இல்லை. செருகிய உடனே லேப்டாப்பின் ஃபைல் மேனேஜர் "போட்டோ இருக்கிறதா" என்று கேமராவைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதை விடுவித்த பிறகுதான் ஜிஃபோட்டோ2 உள்ளே போக முடியும்.

தம்பி: அப்புறம் வேலை செய்ததா?

நான்: கேமராவைப் படித்தது, கார்டில் இருந்த படங்களை இறக்கியது. படம் எடு என்றால் மட்டும் எடுக்கவில்லை. சில பவர்ஷாட் மாடல்களில் கம்ப்யூட்டரிலிருந்து எடுக்கும் வசதி இருந்தது. பின்னால் வந்த பலவற்றில் கேனான் அதை வைக்கவில்லை. நம்முடையது அந்த ரகம்.

தம்பி: ஐயோ.

நான்: அதற்குத்தான் சிஎச்டிகே. ஆர்வலர்கள் சேர்ந்து எழுதிய மென்பொருள், எஸ்டி கார்டில் இருக்கும். கார்டின் ஓரத்தில் தள்ளிப் பூட்டுகிற சின்னப் பொத்தான் இருக்கிறதே, அதைப் பூட்டிய நிலையில் வைத்தால் கேமரா ஆன் ஆகும்போதே இது தானாக ஏறிக்கொள்ளும். கேமராவின் சொந்த மென்பொருளை மாற்றாது. கார்டை எடுத்துவிட்டால் பழைய கேமராதான். ஆனால் மாடல் மட்டும் பொருந்தினால் போதாது, கேமராவுக்குள் இருக்கும் மென்பொருளின் பதிப்பு எண்ணும் பொருந்த வேண்டும். ஒரே மாடலான என் இரண்டு கேமராவுக்கும் வேறு வேறு பதிப்பு இறக்க வேண்டியிருந்தது.

நான்: லேப்டாப் பக்கம் சிஎச்டிகே-பிடிபி என்ற துணை நிரல். "ரெக்" என்றால் லென்ஸ் வெளியே வரும். "ஆர்எஸ்" என்றால் ஷட்டர் விழுந்து, படம் கேபிள் வழியாக நேராக லேப்டாப்புக்கு வந்துவிடும். முதல் தடவை அந்த லென்ஸ் தானாக வெளியே வந்தபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த நோட்டைக் காப்பாற்றிவிடலாம் என்று அப்போதுதான் நம்பிக்கை வந்தது.

காலை 10:25
அத்தை: ஆயா கேட்கிறார், கேமராவில் சத்தமே வரவில்லையே, எடுத்ததா இல்லையா என்று.

நான்: எடுத்தது என்று சொல்லுங்கள் அத்தை. கல்யாண வீட்டு போட்டோகிராபர் வைத்திருக்கும் பெரிய கேமராவில் உள்ளே ஒரு கண்ணாடி மேலே அடிக்கும், பின்னால் திரை ஓடும். அதுதான் அந்தச் சத்தம், மெதுவான ஷட்டரில் அந்த அதிர்வே படத்தைக் கலைக்கும். இதில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருக்கிறது. கண் இமை மாதிரி மெல்லிய இதழ்கள் திறந்து மூடும், அவ்வளவுதான். அதனால்தான் பெரிய கேமரா இரவல் கிடைத்தும் இதிலேயே நின்றுவிட்டேன்.

நான்: நாளையிலிருந்து ஆயாவுக்காக "பீப்" ஒலியை வைத்துவிடுகிறேன். ஒலி கேட்ட பிறகு பக்கத்தைத் திருப்பினால் போதும்.

பெரியப்பா: அம்மாவா பக்கம் திருப்புகிறார்?

நான்: ஆமாம் பெரியப்பா. நான் திருப்பியபோது இரண்டு தாளின் ஓரம் உதிர்ந்துவிட்டது. ஆயா உள்ளங்கையை அடியில் கொடுத்து, தாளைத் தூக்காமல் நகர்த்துகிறார். எனக்கு அது வரவில்லை. நான் காலடியில் ஒரு பெடல் வைத்திருக்கிறேன், தையல் மிஷின் மாதிரி. மிதித்தால் கீபோர்டில் ஒரு எழுத்தை அழுத்தியது போல லேப்டாப்புக்குத் தெரியும், இரண்டு கேமராவும் எடுக்கும். என் இரண்டு கையும் பக்கத்தைச் சமமாக அழுத்தும் கண்ணாடியை ஏற்றி இறக்க.

அம்மா: ஒரு நோட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

நான்: சுமார் அரை மணி. ஆயாவுக்குக் கை வலித்தால் நிறுத்திவிடுகிறோம்.

காலை 11:05
அண்ணன்: இரண்டாவது படம் கொஞ்சம் மங்கல் மாதிரி இருக்கிறதே?

நான்: சரியாகப் பிடித்தாய் அண்ணா. அது எல்இடி பல்பு செய்த வேலை. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், மலிவான பல்பு நொடிக்கு 100 தடவை மினுக்கும், கண்ணுக்குத் தெரியாது. ஷட்டரை 1/200 வைத்தால் ஒரு படம் மினுக்கின் உச்சியில் விழும், அடுத்தது பள்ளத்தில். நேற்று சில பக்கம் அப்படி எடுத்துவிட்டேன். 1/50க்கு மாற்றினேன், ஒவ்வொரு படத்திலும் முழுசாக இரண்டு மினுக்கு அடங்கிவிடுகிறது. வெளிச்சம் ஒரே சீர். அந்தப் பக்கங்களை மறுபடி எடுப்பேன்.

நான்: இன்னொன்று, கேபிளைக் கழற்றி மாட்டியபோது இடமும் வலமும் மாறி, பக்க எண் எல்லாம் குழம்பிப்போனது. இப்போது கேமராவின் சீரியல் எண்ணை வைத்துத்தான் எந்த ஃபோல்டர் என்று முடிவு செய்கிறேன்.

தம்பி: அக்கா, என் நண்பனின் டிஎஸ்எல்ஆரை, அந்தப் பெரிய கேமராவை, ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணு போர்டால் இயக்கலாமா? மின்னல் எடுக்க வேண்டும். ரிமோட் கேபிள் செருகும் துளையில் (ஜாக்கில்) 5 வோல்ட் கொடுத்தால் சரிதானே?

நான்: கொடுக்காதே! சிஎச்டிகே போட்ட பவர்ஷாட்டின் யூஎஸ்பியில்தான் 5 வோல்ட் வைத்து ஷட்டரைத் தூண்டுவது. டிஎஸ்எல்ஆர் ரிமோட் ஜாக்குக்கு வோல்ட் எதுவும் தேவையில்லை, இரண்டு முனையைச் சேர்த்தால் போதும். கேனானின் 2.5 மி.மீ. பின்னில் நுனி ஷட்டர், நடு வளையம் ஃபோகஸ், அடி கிரவுண்ட். நுனியும் அடியும் சேர்ந்தால் படம். நடுவில் ஒரு ஆப்டோகப்ளர் போடு, ஒளி வழியாக மட்டும் சைகை கடத்தும் சின்னப் பாகம் அது, உன் போர்டின் கரண்ட் கேமராவுக்குள் போகாது. கேமரா உன்னுடையது இல்லை, ஞாபகம் வைத்துக்கொள்.

தம்பி: சரி அக்கா. ஆப்டோகப்ளர் வாங்கிவிட்டுச் சொல்கிறேன்.

மதியம் 12:30
பெரியப்பா: முதல் படத்தில் மூன்றாவது தரு, அந்தக் கூத்துப் பாட்டு. கடைசி வரியை அப்பா அடித்துவிட்டு ஓரத்தில் வேறு எழுதியிருக்கிறார், பார்த்தாயா? மேடையில் அவர் பாடியது அந்த ஓரத்து வரிதான். நான் தாளம் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.
(குரல் பதிவு, 1:48)

அத்தை: ஆயா இரண்டு முறை போடச் சொல்லிக் கேட்டார்.

நான்: பெரியப்பா, இந்தப் பதிவையும் அந்தப் பக்கத்தின் எண்ணிலேயே சேர்த்து வைக்கிறேன். மற்ற தருக்களையும் பாடுவீர்களா? இன்னும் 10 நோட்டு இருக்கிறது.

பெரியப்பா: ஞாயிறு காலை முதல் பஸ்ஸில் வருகிறேன். என்ன கொண்டு வரட்டும்?

நான்: பென்சில் பேட்டரி சார்ஜர் பெரியப்பா. நடுவில் பேட்டரி போனால் லென்ஸ் உள்ளே இழுத்துக்கொள்கிறது, ஜூமும் ஃபோகஸும் திரும்ப வைக்க வேண்டியிருக்கிறது. ஜால்ராவும் கொண்டு வாருங்கள்.